முட்டையளவு வயிறு

"வீ...ல்!"

அந்த அலறல் மாடியையே உலுக்கியபோது, டாக்டர் லிசாராகா வெள்ளைத் தாளில் மூன்றாவது இரைப்பையை வரைந்துகொண்டிருந்தார்.

பேனா நின்றது.

எதிரே இன்ஸ்பெக்டர் எவுலாலியா. மெக்சிகோவின் டிஹுவானா நகரக் கொலைப் பிரிவு. எடை நூற்று நாற்பத்தெட்டு கிலோ. ஒரு விரல் குறைந்த இடது காலை ஊன்றி எழுந்தாள்.

"யார் கத்துனது?"

"ரி... ரிசப்ஷன் பொண்ணு பிரிசா மாதிரி இருக்கு..."

இருக்கட்டும். அலறல் எங்கேயும் ஓடிவிடாது. அன்று காலை நடந்ததை முதலில் பார்த்துவிடலாம்.

* * *

ஜனவரி ஆறு. குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள். ஊரே ரொட்டிக்கடை வாசலில் முட்டி மோதிக்கொண்டிருக்க, அந்த எடை குறைப்பு க்ளினிக்கில் ஈ காக்கை இல்லை.

"லீவு நாள்ல வாங்க மேடம். கூட்டம் இருக்காது, நிதானமா பேசலாம்" என்று டாக்டரே போன் செய்து கூப்பிட்டிருந்தார்.

மறுநாள் ஆபரேஷன். எந்த ஆபரேஷன் என்பதை எவுலாலியா இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். சர்க்கரை ஏற்கெனவே ஒரு கால் விரலைக் கொண்டுபோய்விட்டது. அடுத்தது பாதம்தான் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஹாலின் சுவர் முழுக்க ஒரே ஆளின் இரண்டு படங்கள்.

'முன்பு' என்ற படத்தில் சட்டையில்லாத ஒரு பெரிய மனிதன். வயிறு தொடை வரை தொங்கியது. வேண்டுமென்றே கீழேயிருந்து எடுத்திருந்தார்கள், கசாப்புக் கடையில் மாட்டிய மாமிசம் போல. கண்களில் மட்டும் அவமானம்.

'பின்பு' என்ற படத்தில் கோட் போட்ட ஒல்லி மனிதன். பல் முப்பத்திரண்டும் தெரிந்தன.

எவுலாலியா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஒருத்தனுடைய அவமானத்தை இப்படியா சுவரில் ஆணி அடித்து மாட்டுவார்கள்?

நர்ஸ் நெல்வா ரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். ஐம்பது வயது. கைப்பட்டையைச் சுற்றும்போதே டாக்டர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மேடம்... டாக்டர்கிட்ட சரின்னு சொல்றதுக்கு முன்னாடி, என்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசுங்க."

"என்ன விஷயம்?"

"அந்தப் படத்துல இருக்கறவரு..."

"ரோஸ்கா வந்தாச்சு... ரோஸ்கா!"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, வளைய ரொட்டித் தட்டோடு உள்ளே வந்தான் 'பின்பு' படத்து ஆசாமி. ஃபவுஸ்தோ. க்ளினிக்கின் நடமாடும் விளம்பரம். புது நோயாளிகளுக்குத் தைரியம் சொல்வதுதான் உத்தியோகம்.

நெல்வா வாயை மூடிக்கொண்டாள். "சாமான் ரூம்ல இருக்கேன் மேடம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

"எடை குறைக்கிற இடத்துல இனிப்பு ரொட்டியா?" என்றாள் எவுலாலியா.

"இன்னைக்கு வேணாம்னு சொன்னா ராஜாக்கள் கோவிச்சுப்பாங்க மேடம்! பிரிசா, கத்தியை எடு. ரொட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கற பொம்மை யாருக்கு வருதோ, பிப்ரவரி ரெண்டாம் தேதி எல்லாருக்கும் தமாலே, அதான் சோளக் கொழுக்கட்டை, அவங்க செலவு!"

"போன வருஷம் உங்களுக்குத்தான் வந்துச்சு. தமாலே இன்னும் வந்தபாடில்ல" என்றாள் பிரிசா. இருபத்தைந்து வயது ரிசப்ஷன் பெண். வாய் கொஞ்சம் நீளம்.

அவள் ஒரு துண்டு வெட்டினாள். பொம்மை இல்லை.

அவன் ஒரு துண்டு வெட்டினான். அவசரமாக வாயில் போட்டுக்கொண்டான்.

"எனக்கும் இல்ல!"

"பைபாஸ் ஆபரேஷன் பண்ணிச் சின்னதாக்கின உங்க வயிறு இனிப்பைத் தாங்குமா?" என்றாள் எவுலாலியா.

"தாங்காது மேடம். முட்டையளவு வயிறுதானே! இனிப்பு நேரா குடல்ல இறங்கிடும்... வேர்க்கும், மயக்கம் வரும், உயிர் போய்ட்டு வரும். தண்ணிகூட சொட்டு சொட்டாத்தான். ஒரு மடக்குக்கு மேல போனா திரும்பி வந்துரும். ஆனா பாருங்க, தொண்ணூறு கிலோ போச்சே!"

எவுலாலியா அவனைப் பொறாமையோடு பார்த்தாள். இவனை நம்பித்தான் இந்த க்ளினிக்கையே அவள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினான்.

டாக்டர் அறைக்கதவு திறந்தது.

"வாங்க மேடம்."

* * *

"ஸ்லீவ்ங்கறது ரொம்ப எளிசு" என்றார் டாக்டர் லிசாராகா, வரைந்தபடியே. "இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடுவோம். மிச்சம் வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். குடலைத் தொடறதில்ல."

"வெட்டினதைத் திருப்பி வைக்க முடியாதா?"

"முடியாது. இன்னொண்ணு... உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா?"

"உட்கார்ந்துதான் தூங்கறேன் டாக்டர்."

"அப்ப ஸ்லீவ் அதை இன்னும் மோசமாக்கலாம். உங்களுக்கு பைபாஸ்தான் நல்லது. மேல சின்னதா ஒரு பை, அதைக் குடலோட இணைச்சிடுவோம். நெஞ்செரிச்சல் அடங்கும், சர்க்கரையும் நல்லா கட்டுப்படும். ஆனா ஆயுசு முழுக்க விட்டமின் மாத்திரை. இனிப்பு பக்கம் தலைவெச்சுப் படுக்கக்கூடாது."

எவுலாலியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினைந்து வருஷமாக எந்த டாக்டரும் அவளைத் திட்டாமல் பேசியதில்லை. 'வாயைக் கட்டுங்கம்மா' என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். இந்த மனிதர் அவளைப் புத்தியுள்ள ஒருத்தியாக நடத்தினார்!

"ரொம்ப நன்றி டாக்டர். நெல்வா ஏதோ பேசணும்னு சொன்னாங்க. போய்ட்டு வந்துடறேன்."

அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

"உட்காருங்க! பேண்ட் பத்திச் சொல்லவே இல்லையே. இரைப்பை மேல ஒரு சிலிக்கான் வளையம். தேவைன்னா கழட்டிடலாம். சில சமயம் நழுவும்... நாங்க இப்ப போடறதே இல்ல. இருந்தாலும் தெரிஞ்சுக்கணும் பாருங்க..."

அவர் மூன்றாவது இரைப்பையை வரைய ஆரம்பித்தார். அப்போதுதான்...

"வீ...ல்!"

* * *

சாமான் அறை. நெல்வா அலமாரிக்குக் கீழே கிடந்தாள்.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு வயிற்றில் கட்டும் அகலப் பட்டை அவள் கழுத்தை இறுக்கியிருந்தது. நாக்கு வெளியே... கண்கள் கூரையைப் பார்த்தபடி...

எவுலாலியா கன்னத்தைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது.

ரெண்டு நிமிஷம் பேசணும் என்றாளே!

பிரிசா அழுதாள். "கை துடைக்கிற காகிதம் எடுக்க வந்தேன் மேடம்..."

எவுலாலியா சிரமப்பட்டுக் குனிந்தாள். மூச்சு வாங்கியது. உடலருகே தரையில் ஏதோ வெள்ளையாக... கைக்குட்டையால் எடுத்தாள்.

சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குழந்தை. அதன் தலையில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

"ரோஸ்கா பொம்மை!" என்றாள் பிரிசா.

"நெல்வா ரொட்டி சாப்பிட்டாங்களா?"

"இல்ல மேடம். அவங்க வெட்டவே இல்ல. டாக்டர் மாவுப் பண்டமே தொடமாட்டாரு. நானும் ஃபவுஸ்தோவும்தான் வெட்டினோம். சத்தியமா எனக்கு வரல!"

போன் போய், அரை மணியில் சார்ஜென்ட் மக்காரியோ வந்து சேர்ந்தார். ஓய்வுபெறும் வயது, ஓமக்குச்சி உடம்பு, கையில் பாதி தின்ற ரொட்டி.

கழிவறை வாசலில் ஃபவுஸ்தோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் ஈரம்.

"ஒரு துண்டு ரொட்டி மேடம்... உயிரே போயிடுச்சு. எழுந்து நிக்கக்கூட முடியல. நானாவது, கொலையாவது..."

"நீ வாந்தி எடுத்ததைப் பிரிசா கேட்டாளா?"

"கேட்டேன் மேடம்" என்றாள் பிரிசா. "அருவருப்பா இருந்துச்சு. ரேடியோவைச் சத்தமா வெச்சிட்டேன். அதுக்கப்புறம் எதுவும் கேக்கல."

எவுலாலியா தலையாட்டினாள்.

"பாவம், நாக்கு வறண்டு போயிருக்கு. மக்காரியோ, அந்த ஃப்ரிட்ஜ்லேர்ந்து கோலா ஒண்ணு எடுங்க. பெரிய பாட்டில்."

"மேடம்... அவருக்கு ஆகாதுன்னு..." என்று இழுத்தாள் பிரிசா.

"மக்காரியோ, எடுங்கன்னா!"

ஃபவுஸ்தோவுக்கு உண்மையிலேயே தாகம். ஒரு உயிரை எடுத்த தாகம். பாட்டிலை வாங்கினான். அண்ணாந்தான்.

களக்... களக்... களக்...

காலி!



"நல்லாக் குடிச்சியா?" என்றாள் எவுலாலியா, மெல்ல. "முட்டையளவு வயித்துல அரை லிட்டர் ஒரே மூச்சுல எப்படிடா இறங்குச்சு? அதுவும் சர்க்கரைத் தண்ணி?"

பாட்டில் அவன் கையிலிருந்து நழுவியது.

"மக்காரியோ, சட்டையைத் தூக்குங்க."

தூக்கினார். இறுக்கமான, தட்டையான வயிறு. ஒரு சின்னத் தழும்புகூட இல்லை.

"தொண்ணூறு கிலோ கரைஞ்சவனுக்குத் தோல் துணி மாதிரி தொங்கும். அந்தத் தோலை வெட்டி எடுத்திருந்தா இடுப்பைச் சுத்தித் தழும்பு இருக்கும். உனக்கு ரெண்டும் இல்ல. நீ ஒருநாளும் குண்டா இருந்ததே இல்லடா! அந்தப் படத்துல இருக்கறது யாரு?"

ஃபவுஸ்தோ படிக்கட்டுப் பக்கம் பார்த்தான்; மக்காரியோ குறுக்கே வந்து நின்றார்.

"யாருடா அது?"

"எ... எங்க அண்ணன். இலாரியோ."

"எங்க அவன்?"

"ஆபரேஷன் டேபிள்லயே போய்ட்டான். நெல்வா கூட இருந்தா. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஜாடை... 'முன்பு'ன்னு அவன் படம், 'பின்பு'ன்னு என் படம் போட்டா யாருக்குத் தெரியும்னு டாக்டர் சொன்னாரு. நேத்து நெல்வா, போலீஸ்காரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்னா..."

எவுலாலியா 'முன்பு' படத்தைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள்தான். வெட்டிப் போட்டது, எரித்துப் போட்டது... எதையும் இப்படி அருவருத்ததில்லை.

"சீ! செத்த அண்ணனை அரை அம்மணமா சுவர்ல மாட்டி, அதுக்குப் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டினியா? உன்னைத் தொட்டா என் கையைத்தான் கழுவணும்!"

"அயோக்கியப் பயலே!" டாக்டர் பாய்ந்து வந்தார். "மேடம், படம் விஷயம் தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா கொலை இவன் வேலை! நான் உங்ககூடவே இருந்தேன். நீங்களே சாட்சி!"

"ஆமா டாக்டர். நான்தான் சாட்சி."

எவுலாலியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிசா, டாக்டர் வழக்கமா ஒரு நோயாளிகிட்ட எவ்வளவு நேரம் பேசுவாரு?"

"அஞ்சு நிமிஷம் மேடம். மிஞ்சினா ஆறு. இன்னைக்கு இவ்வளவு நேரம் ஆச்சேன்னு எனக்கே ஆச்சரியம்!"

"லீவு நாளாப் பார்த்துக் கூப்பிட்டீங்க. நெல்வாவைப் பார்க்கணும்னு எழுந்தேன், கையைப் பிடிச்சு உட்கார வெச்சீங்க. நீங்க போடாத பேண்டுக்கு எனக்கு எதுக்கு டாக்டர் பாடம்? நான் எழுந்து போயிருந்தா அந்தப் பொம்பள பிழைச்சிருப்பா!"

"க... கற்பனை!"

"கற்பனை இல்ல மேடம்!" ஃபவுஸ்தோ அலறினான். "இவருதான் சொன்னாரு! 'நீ வேலையை முடி, அந்தக் குண்டம்மாவை நான் பார்த்துக்கறேன். குண்டா இருக்கறவங்ககிட்ட யாரும் அன்பா பேசறதில்ல, பேசினா எழுந்திருக்கவே மாட்டாங்க'ன்னு!"

டாக்டரின் முகம் வெளுத்தது.

எவுலாலியாவின் கண் கலங்கியது. பதினைந்து வருஷத்தில் கிடைத்த ஒரே அன்பான வார்த்தை! அதுவும் ஒரு கழுத்தை நெரிக்க நேரம் கடத்துவதற்காக...

கையை ஓங்கினாள். பளார்!

நூற்று நாற்பத்தெட்டு கிலோவும் அந்த அறையில் இருந்தது. டாக்டர் தன் எடை பார்க்கும் மெஷின் மேலேயே போய் விழுந்தார்.

"நா... நாளைக்கு உங்க ஆபரேஷன் மேடம்... யோசிங்க..."

"முடிவு பண்ணிட்டேன் டாக்டர். பைபாஸ்தான். நீங்க சொன்ன காரணமெல்லாம் சரி. ஆள்தான் சரியில்ல. வேற ஊர்ல வேற கையைத் தேடிக்கறேன்."

சுவரில் இருந்த 'முன்பு' படத்தை அவளே கழற்றினாள். முகம் உள்பக்கம் இருக்கும்படி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். இலாரியோவை யாரும் இனி வேடிக்கை பார்க்க வேண்டாம்.

மக்காரியோ இருவருக்கும் விலங்கு மாட்டினார். பொம்மையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதைப் பாக்கெட்ல ஒளிச்சு வெச்சிருக்கான் மேடம், நெரிக்கறப்ப விழுந்திருக்கு! நாலு பேருக்குத் தமாலே வாங்கித்தர அழுது, இப்படி மாட்டிக்கிட்டானே. பிப்ரவரி ரெண்டுக்கு என்ன பண்றது?"

"பொம்மை கிடைச்சவன் கொடுத்துத்தானே ஆகணும்?" என்றாள் எவுலாலியா, மூச்சு வாங்கப் படியிறங்கியபடி. "ஜெயில்ல ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்காங்க... தாராளமா வாங்கிப் போடட்டும்!"