ஒரே பெயர்... ஒரு பிணம்!

போன் அலறியது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்தாள் அவள்.

“அம்மா... ஆராய்ச்சிக்கூட ஆபீஸ்லேருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரரை யாரோ சுட்டுட்டாங்கம்மா! உடனே வாங்க!”

அவள் கத்தவில்லை. கதவைப் பூட்டினாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். கிளம்பினாள்.

ஒலிச் சோதனை அறை. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. கூரையிலும் பஞ்சு. அதற்குள் துப்பாக்கி வெடித்திருக்கிறது... வெளியே ஒருவர் காதிலும் விழவில்லை!

தரையில் வெள்ளைத் துணி போர்த்திய உடல். துணி போதாமல் இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“இது என் வீட்டுக்காரர் இல்லை” என்றாள், முகத்தைப் பார்க்காமலே. “அவர் இவ்வளவு உயரம் கிடையாது.”

பெண் இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினாள்.

“அடையாள அட்டையில அவர் பேர்தானேம்மா இருக்கு?”

“அந்தப் பேர்ல இங்க ரெண்டு பேர் மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே ஆராய்ச்சி. நெட்டை, குட்டைன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. இது நெட்டை.”

“அப்போ குட்டை எங்கே?”

“நான்தான் மேடம்...”

வாசலில் ஐந்தடி மனிதர். கையில் டீ கப்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்கலாம் அவள். செய்யவில்லை. உள்ளே ஏதோ அணைந்தது அணைந்தபடியே இருந்தது.

“சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

பக்கத்து அறையில் விசாரணை ஆரம்பித்தது.

“உங்களுக்கும் அவருக்கும் ஆகாதாமே?”

“ஒரு கட்டுரை மேடம்... நான் எழுதினது. இரைச்சலுக்கு நடுவுல ஒரு குரலை மட்டும் பிரிச்சு எடுக்கற முறை. இரைச்சல் மாற மாறக் கருவியும் தானே கத்துக்கிட்டு மாறும். காது மந்தமானவங்களுக்கு உதவும். ஏழு வருஷ உழைப்பு.”

“சரி...?”

“பேர் ஒண்ணா இருக்கறதால இன்டர்நெட்ல அது அவர் போட்டோவுக்குக் கீழே போய் ஒட்டிக்கிச்சு. விருது அவருக்கு! பதவி அவருக்கு! ‘இது என்னோடது இல்லை’ன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லலை.”

“நீங்க சும்மாவா இருந்தீங்க?”

“மூணு வருஷமாப் புகார் எழுதறேன். நாளைக்குத்தான் விசாரணைக் குழு கூடுது.”

“நாளைக்குக் குழு... இன்னிக்குக் கொலை! பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?”

“கேன்டீன்ல.”

“யார் பார்த்தாங்க?”

“என்னை யாரும் பார்க்கறதில்லை மேடம்.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

க்ளிக்!

“மேடம்...” என்றாள் மனைவி. “அவருக்கு மாத்திரை இருக்கு. ரெண்டு வேளை. மறந்துடுவார். நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்.”

அப்போதுதான்...

மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு செல்போன் துடித்தது. செத்தவருடைய போன்!

இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைத் தட்டினாள். உதட்டில் விரல் வைத்தாள்.

“சார்... வேலை முடிஞ்சுது!” கரகரத்த ஆண் குரல்.



“ம்...” என்றார் கான்ஸ்டபிள், இன்ஸ்பெக்டரின் சைகையைப் பார்த்து.

“உங்க முகம் எனக்குத் தெரியாது, என் முகம் உங்களுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும் சார். இனிமே இந்த நம்பர்ல நான் வரமாட்டேன்.”

“ஆளு... மாறலையே?”

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! அந்தப் பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க, உஷார்னு சொன்னீங்க. இந்தக் கட்டுரையை எழுதினவனைத்தான் முடிக்கணும்னு கட்டுரையையே அனுப்பி வச்சீங்க. அதோட தலைப்பை நெட்ல போட்டேன். பெருசா போட்டோ வந்துச்சு. முகத்தையும் போட்டோவையும் ஒத்துப் பார்த்துட்டுத்தான் சுட்டேன். சாட்சாத் அவனேதான்!”

டொக்.

“நம்பரைப் பிடிங்க! எந்த டவர்னு பாருங்க, ஓடுங்க!”

கான்ஸ்டபிள் விலங்கைக் கழற்றிவிட்டுப் பறந்தார்.

குட்டை தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு யாருடைய கையோ போல இருந்தது.

“அவர்... என்னையா கொல்லச் சொன்னார்?”

“உங்களைத்தான்.”

“அப்போ அந்தக் கட்டுரை என்னோடதுன்னு அவருக்கு...”

“நல்லாவே தெரியும் சார்!” இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். “எழுதினது நீங்கதான்னு இந்த உலகத்துலயே ஒரே ஒருத்தன்கிட்டதான் மனுஷன் ஒத்துக்கிட்டிருக்கார்...”

குட்டை நிமிர்ந்து பார்த்தார்.

“அவன் நம்பலை!”