மூக்கைத் தூக்கிய பிக்கப்

எதிரே வந்த இரண்டு விளக்குகளும் சாலையைப் பார்க்கவே இல்லை. நேராக லியோனாவின் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

மே மாதத்து மழை... நெப்ராஸ்காவின் புல்மேடுகள் சாயங்காலத்திலேயே கரைந்து ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன. பக்கத்து இருக்கையில் சர்ச் விருந்துக்கான அலுமினிய டிரே. அதற்குள் ப்ளம் பழக்கூழ் வைத்து அவளே சுட்ட கொலாச்சே பன்கள். லியோனா தன் கார் விளக்கைப் படபடவென்று அணைத்து அணைத்துப் போட்டாள். 'கண்ணு கூசுதுப்பா, இறக்கு' என்று அதற்கு அர்த்தம்.

எதிரே வந்த மகராசன் என்ன செய்தான் தெரியுமா? அவனும் உற்சாகமாக அணைத்து அணைத்துப் போட்டான்!

"கொழுப்பப் பாரு..." என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சாலையோரக் கோடு காணாமல் போனது. கார் வழுக்கிப் பள்ளத்துச் சேற்றில் இறங்கி நின்றது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோபம் மட்டும் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. மழையில் ஒருவன் தடதடவென்று ஓடி வந்தான்.

"ஏங்க! அடி பட்டுச்சா? கை கால அசைச்சுப் பாருங்க..."

கண்ணாடியை இறக்கினாள். தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்குக் கீழே இரண்டு பச்சை நிறக் கண்கள்... பயந்துபோன, பொய் தெரியாத கண்கள். திட்டுவதற்கு எடுத்துவைத்திருந்த முதல் வார்த்தை அவளுக்கு மறந்தே போனது. நல்லவேளை, இரண்டாவது கைவசம் இருந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? கண்ணு தெரியலன்னு லைட் அடிச்சா, திருப்பி அடிக்கிறீங்க!"

"நீங்க... ஹலோ சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"என்னது?"

"ஒரு வாரமா எதிர்ல வர்றவங்க எல்லாருமே எனக்கு லைட் அடிக்கிறாங்க. புதுசா பெரிய டயர் போட்டு, முன்னாடி தூக்கியிருக்கேன்ல... ஊரே ரசிக்குதுன்னு இருந்தேன்."

அந்தப் பக்கத்தில் எதிரே வருபவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அதுதான் வணக்கம். இவன் வண்டிக்கு மட்டும் ஒரு விரல் போதாமல் ஊரே விளக்கடித்து வாழ்த்துகிறதாம்!

லியோனா எட்டிப் பார்த்தாள். அவனுடைய பிக்கப் வண்டியின் முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்னால் கன்றுகள் ஏற்றிய ட்ரெய்லர், வாலைத் தரையோடு அமுக்கியிருந்தது. விளக்குகள் வானத்தில் பறவை பார்த்துக்கொண்டிருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிங்க சிரிங்க," என்றான் அவன். "அடி படலேன்னு தெரிஞ்சதே போதும். என் பேரு எம்மெட். வடக்கால ஹாங்கே பண்ணை எங்களோடதுதான்."

ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, பட்டையைக் கட்டி அவள் காரை இழுத்து மேலே ஏற்றினான். முழங்கால் வரை சேறு. பள்ளத்திலிருந்து இழுத்துவிட்டவனுக்குக் காசு நீட்டினால் அங்கே அது அவமானம். லியோனா டிரேயை அப்படியே அவன் கையில் வைத்தாள்.

"இந்தக் கோலத்துல நான் சர்ச்சுக்குப் போக முடியாது. நீங்க சாப்பிடுங்க. அடியில என் பேரு ஒட்டியிருக்கு, டிரே திரும்பி வரணும். நாளைக்கு இதே ட்ரெய்லர மாட்டிக்கிட்டு ரூடி டயர் கடைக்கு வாங்க. அந்த லைட்ட இறக்காம இனி யார் கண்ணுலயும் பட்டுடாதீங்க!"

மறுநாள் வந்தான். டிரே நிறையப் பண்ணை முட்டை. பிறர் வீட்டு டிரே காலியாகத் திரும்பக் கூடாது என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். லியோனாவின் அப்பா ரூடி முட்டைகளைப் பார்த்து முகம் மலர்ந்தார். வண்டியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"யாருப்பா மாட்டுனது, முன்னாடி தூக்குற இந்த லெவலிங் கிட்டு?"

"நாந்தான் ஐயா. வீடியோ பாத்து."

"மீதி வீடியோவையும் பாத்திருக்கலாம்."

லியோனா வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். குரல் மட்டும் வந்தது.

"கம்பெனிக்காரன் பின்பக்கத்த கொஞ்சம் ஒசரமா வச்சு அனுப்புறான்ல, அது பாரம் ஏத்துறவனுக்காக. ஏத்துனா அமுங்கிச் சமமாயிடும். நீங்க முன்னாடி தூக்கிச் சமமாக்கிட்டு, அப்புறம் பாரம் ஏத்துனா? வால் அமுங்கும், மூக்கு வானத்தப் பாக்கும். எதுக்குங்க தூக்குனீங்க?"

"மணல்ல பெரிய டயர் நல்லா இழுக்கும். பெரிய டயர் உள்ள போவணும்னா தூக்கித்தானே ஆகணும்..."

"அவ்வளவுதானா?"

"...பாக்க அழகா இருக்கும்னும்தான்."

வண்டிக்கு அடியில் மறுபடி அந்தச் சிரிப்பு கேட்டது. எம்மெட்டின் காது சிவந்ததை ரூடி பார்த்தார். பார்த்தும் பார்க்காததுபோல முட்டையை எண்ணத் தொடங்கினார்.

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபோது டயர் உரசிய இடத்தில் பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்தாள். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தாள். பாரம் ஏறினாலும் வால் தாழாதபடி பின்னால் இரண்டு காற்றுப்பைகள் பொருத்தினாள். கடைசியாக விளக்கு. சுவரில் நீல டேப்பை ஒட்டிவிட்டு, அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

"உள்ள உக்காருங்க. உங்க எடையும் வேணும். அப்பா, திருகுங்க... இன்னும் கீழ..."

வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் ஒரு கிரீஸ் கோடு. திருகத் திருக வெளிச்சம் நெற்றியை விட்டு, கண்ணை விட்டு, மெல்ல இறங்கியது. அவள் கண் முழுதாகத் திறந்து கண்ணாடிக்குள் இருந்தவனைப் பார்த்தது. அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"போதும்," என்றாள். "இப்ப... எப்படித் தெரியுது உனக்கு?"

உனக்கு! எப்போது மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நல்லா தெரியுது," என்றான் எம்மெட். "எல்லாமே நல்லா தெரியுது."

அதன் பிறகு அந்த டிரேக்கு ஓய்வே இல்லை. முட்டை வந்தால் பன் போனது. பன் போனால் மாட்டிறைச்சி வந்தது. புல் கட்டும் நாளில் அவன் ட்ரெய்லர் டயர் வெடித்தபோது லியோனா வயலுக்கே போய் மாற்றிக் கொடுத்தாள். கடைக் கூரையை ஆலங்கட்டி மழை பிய்த்தபோது எம்மெட் ஏறி நின்று தகரம் அடித்தான். டிரே வராத நாளில் லியோனா ஏதாவது சாக்குச் சொல்லி அடிக்கடி வாசலுக்குப் போய் நின்றாள்.

ஆகஸ்டில் ஊர்ச் சந்தை. ராட்டினத்தின் கீழே, கையில் எலுமிச்சை ஜூஸோடு எம்மெட் திக்கித் திணறி ஆரம்பித்தான்.

"லியோ... நீ எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்க. அன்னிக்கு போலீஸக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடல. என் முட்டாள்தனத்தால யாரும் சாகல, அது உன்னாலதான். இந்த நன்றிய எப்படித் தீக்கறதுன்னே தெரியல. அதுக்குத்தான் கேக்கறேன்... என்னைக் கட்டிக்கிறியா?"

லியோனா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

நன்றி... இந்த வார்த்தை அவளுக்குப் பழையது. அம்மா நோயில் கிடந்த வருடம், ட்வைட் என்ற நல்லவன் ஒருவன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். அம்மா போன பிறகு அவன் மோதிரம் நீட்டினான். நன்றி கெட்டவளாக இருக்கக் கூடாதே என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முந்தைய மாதம், அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்தாள். அவனும் அழுதான். இன்னொருவன் நன்றிக்காகத் தன்னைக் கேட்டுவிட்டு, பிறகு அதே அழுகையை அழ வேண்டாம்...

"நன்றிக்காகச் சரின்னு சொல்லி ஒரு நல்லவன் மனச ஒடச்சவ நான்," என்றாள். "எனக்கு யாரும் நன்றிக்கடன் தீக்க வேணாம் எம்மெட். கணக்கு முடிஞ்சுது. டிரேய நீயே வச்சுக்கோ."

"லியோ, நான் சொல்ல வந்தது..."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பினால் அழுதிருப்பாள். வீறாப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது அவளைக் கார் வரைக்கும்தான் தாங்கியது.

செப்டம்பர் வெறுமையாகப் போனது. ரூடி மகளின் முகத்தைப் பார்ப்பார், கடையில் வாங்கிய முட்டையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

அக்டோபரில் ஒரு மதியம், மழை. கடைக்கு முன்னால் அந்தப் பெரிய டயர்கள் வந்து நின்றன. எம்மெட் சொட்டச் சொட்ட உள்ளே வந்து டிரேயை மேஜைமேல் வைத்தான். ரூடி ஆவலோடு மூடியைத் திறந்தார்.

காலி.

"காலியா?" ரூடி அதிர்ந்துபோனார். "டேய், உன்ன வளத்தவங்க இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"தந்திருக்காங்க ஐயா. வேணும்னுதான் காலியா கொண்டாந்தேன்." அவன் லியோனாவைப் பார்த்தான். அதே கண்கள்... இன்றைக்கும் பயந்துதான் இருந்தன.

"வண்டிக்கு என்ன?" என்றாள் அவள், துணியில் கையைத் துடைத்தபடி.

"ஒண்ணுமில்ல. டயர்ல காத்து சரியா இருக்கு. லைட்டு ரோட்டத்தான் பாக்குது. இன்னிக்கு உங்கிட்ட ஒரு உதவியும் எனக்கு வேணாம். உனக்கும் நான் எதுவும் கொண்டாரல." டிரேயை அவள் பக்கம் நகர்த்தினான். "சந்தையில தப்பா சொல்லிட்டேன் லியோ. பயத்துல நன்றிக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டேன். ரெண்டு மாசமா யோசிச்சேன்... நன்றியெல்லாம் கழிச்சுட்டா என்ன மிச்சம்னு. நீதான் மிச்சம். வண்டிக்கு அடியிலேர்ந்து நீ சிரிக்கிறது... நீ திட்டுறது. உன்னப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாம, வெறுங்கையோட சொல்லணும்னு வந்தேன்."

கூரையில் மழை அடித்தது. அவன் அடித்த தகரம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"நானும் கழிச்சுப் பாத்தேன்," என்றாள் லியோனா. கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது. "கழியவே மாட்டேங்குது எம்மெட். அன்னிக்கு உன் லைட்டு மட்டும் சரியா இருந்திருந்தா... நீ ஒரு விரலத் தூக்கிட்டுப் போயிருப்ப. நானும் ஒரு விரலத் தூக்கியிருப்பேன். அவ்வளவுதான், முடிஞ்சிருக்கும். அத நெனச்சாலே பயமா இருக்கு. உன் முட்டாள்தனத்துக்கு நன்றி... அந்தப் பள்ளத்துக்கு நன்றி. இது ஒண்ணும் கடன் இல்ல. எனக்கும் உன்ன அவ்வளவு பிடிச்சிருக்கு, அதான்."

எம்மெட் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். ரூடிக்குத் திடீரென்று பின்கட்டில் ஏதோ வேலை இருப்பது ஞாபகம் வந்தது.

லியோனா டிரேயைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டிய டேப்பில் அவள் பெயர் பாதி அழிந்திருந்தது. டயரில் குறி போடும் மஞ்சள் பென்சிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"என் பேருக்குப் பக்கத்துல உன் பேரையும் எழுது. இனிமே இத எங்கயும் திருப்பிக் கொண்டு போக வேணாம்."

அவன் குனிந்து எழுதினான். எழுத்து கோணலாக, முன்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இருந்தது. லியோனா அதைச் சரிசெய்யவில்லை.