மதனின் பிறந்தநாள் மழை

கோமளாவுக்குத் தமிழ் வகுப்பில் புதுச் சொல் ஒன்று கிடைத்தால் போதும், வீட்டில் ஒருவரும் தப்ப முடியாது! அந்த வாரம் கிடைத்தது ‘அடைமழை’.

சனிக்கிழமை காலை, ஜனக்புரியில் அவர்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்த பவுனு அக்கா கைப்பேசியை நீட்டினார். கூடவே அவர் மகன் மதனும் வந்திருந்தான். மறுநாள் அவனுக்கு ஏழு வயது ஆகிறது.

“பாப்பா, இந்தியில என்னமோ வந்திருக்கு. படிச்சுச் சொல்லேன்.”

“நாளைக்கு மூசலாதார் பாரிஷ். அப்படின்னா அடைமழை, அக்கா!” என்றாள் கோமளா பெருமையாக.

“ஐயையோ, அடைமழையா?” பவுனு அக்காவின் முகம் வாடிவிட்டது. உடனே மதனின் நண்பர்கள் வீட்டுக்கெல்லாம் போன் போட்டார். “பொறந்தநாள் விருந்து இல்லம்மா. மூணு நாளைக்கு வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும்.”

மதன் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அழுகிறான் என்று தெரிந்தது.

“மூணு நாளா? இதுல சாயந்தரம் நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்னுதானே இருக்கு!”

“நீதானே பாப்பா அடைமழைன்ன? அது விடாம நாள்கணக்குல பெய்யும். கொஞ்ச நேரம் கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டுப் போறது பேய்மழை.”

“பேயா?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கோமளாவுக்கு வெட்கமாக இருந்தது. செய்தியே தப்பு என்று சொல்லித் தப்பித்துவிடலாமா? கதவிடுக்கில் எட்டிப் பார்த்த மதனின் ஈரக் கன்னத்தைக் கண்டதும் மனசு கேட்கவில்லை.

“தப்பு என்னோடதுக்கா. சரியாத் தெரியாம சொல்லிட்டேன். போனைக் குடுங்க, நானே எல்லாரையும் திரும்பக் கூப்பிடறேன். விருந்தை மத்தியானமே வெச்சுக்கலாம். அச்சா?”

ஐந்து வீட்டுக்கும் அவளே பேசினாள். ஐந்து முறையும் “தப்பு என்னோடதுதான் ஆன்ட்டி” என்றாள். ஐந்தாவது முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஞாயிறு மதியம் பவுனு அக்காவின் சின்ன வீட்டில் ஒரே கும்மாளம். கேசரி பரிமாறும் வேலை கோமளாவுக்கு. நாலரை மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தகரக் கூரையில் மழை போட்ட சத்தத்தில் எல்லோரும் கோமளாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். ஆறு மணிக்குள் மழை விட்டது.

மதன் மெல்ல வெளியே எட்டிப் பார்த்தான். பிறகு தட்டோடு ஓடி வந்தான்.

“அக்கா, பேய் போயிடுச்சு! இப்பவாச்சும் இன்னொரு கரண்டி கேசரி வைங்க!”