பின் சீட் விளக்கு

கீலுங் துறைமுகத்தில் அன்று காலையிலிருந்தே மழை விடவில்லை. பேய் மாதம், செத்தவர்களின் ஆவிகள் ஊருக்குள் திரியும் என்று நம்பப்படும் மாதம். தெருவில் கடைக்குக் கடை படையல் மேசை போட்டிருந்தார்கள். ஊதுபத்திப் புகை ஈரத்தில் மேலே எழ முடியாமல் தரையோடு தவழ்ந்தது. கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் வான்தே தன் பட்டறையைத் திறந்த கையோடு, சூயுன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சந்தையில் சிப்பி ஆம்லெட் கடை போட்டிருப்பவள்.

"வான்தே அண்ணே, பின் சீட் லைட்டு தானா எரியுது. சாவிய எடுத்தாலும் அணைய மாட்டேங்குது. அப்பப்போ கருகுன நாத்தம் வேற."

"பேய் மாசத்துல பழைய கார் வாங்குனா அப்படித்தான். யாராவது ஓசி சவாரிக்கு ஏறியிருப்பாங்க."

"விளையாடாதீங்கண்ணே. அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதே இதுலதான்."

சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

மற்றவர்கள் கைவிட்ட வண்டிகள் வான்தேயிடம்தான் வரும். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்ததுமே பிடித்துவிட்டான். அடிக்கடி ஃப்யூஸ் போவதில் சலித்துப்போன யாரோ, அளவுக்கு மீறிய பெரிய ஃப்யூஸைச் செருகியிருந்தார்கள். இனி ஒயர்தான் எரியும், ஃப்யூஸ் எரியாது. எங்கோ ஒயர் தோலுரிந்து இரும்பில் உரசுகிறது. பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மீட்டரை வைத்துப் பார்த்தான். மின்சாரமே இல்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். கருகிய வாடை முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக் கருகும் வாடையை அவன் தினமும் முகர்கிறவன். இது முடி கருகும் வாடை. சீட்டைத் தூக்கக் கை வைத்தபோது, அதன் மறு ஓரம் மெதுவாக அமுங்கியது, யாரோ நகர்ந்து இடம் விடுவதுபோல.

காதருகே ஒரு மூச்சு.

"தூக்கு."

வான்தே வெளியே வந்து விழுந்தான். தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்தான். பல்பைப் பிடுங்கினான். விளக்குக்குப் போகும் ஒயரை வெட்டினான். பேட்டரியை மாட்டினான். சீட்டைத் தூக்கவில்லை. ஃப்யூஸையும் மாற்றவில்லை. அந்த வண்டி அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது.

மதியம் சூயுன் மாமியாரோடு வந்தாள். கையில் சுடச்சுட ஆம்லெட் பொட்டலம்.

"எலி கடிச்சிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்" என்றான், துணியில் கை துடைத்தபடி.

"நீங்க பாத்துட்டா அப்புறம் எனக்கென்ன பயம்!"

மாமியாரைப் பின் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டிவிட்டு அவள் கிளம்பினாள். அவள் கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்தை வான்தே பிரிக்கவில்லை. அதைப் பார்க்கவே கூசியது.

மேசைமேல், ஒயர் எதுவும் இல்லாமல் கிடந்த பல்பு எரிந்தது.

அணைந்தது. எரிந்தது. வேகமாக, இன்னும் வேகமாக.

வான்தே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரி மேட்டில் கார் நின்றிருந்தது. பின்பக்கக் கண்ணாடி முழுக்கப் புகை. கதவுப் பூட்டுகள் சிக்கிக்கொண்டிருந்தன. முன் சீட்டிலிருந்து திரும்பி, மாமியாரின் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் சூயுன். ஸ்பானரால் பின் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டான். பெல்ட் அதற்குள் கழன்றிருந்தது. பின்னாலிருந்து யாரோ தூக்கிக் கொடுப்பதுபோலக் கிழவி அவன் கைகளுக்கு வந்தாள். அதே வழியாக சூயுனும் இருமிக்கொண்டே இறங்கினாள்.

அக்கம்பக்கத்துக்காரர்கள் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்தார்கள். இப்போது வான்தே அந்த சீட்டைத் தூக்கினான். இரும்புப் பட்டையில் உரசி உரசிக் கருகிப்போன ஒயர்க்கட்டு அங்கேதான் கிடந்தது.

"நான் சரி பண்ணல" என்றான், தலையைத் தூக்காமல். "எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயந்துபோய் பல்ப மட்டும் புடுங்கிட்டேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

சூயுன் முகத்தில் படிந்திருந்த கரியைத் துடைத்தாள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேனாண்ணே?"

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

நடைபாதையில் உட்கார்ந்திருந்த கிழவி சுற்றுமுற்றும் தேடினாள். "எங்கூட உட்காந்திருந்த பொண்ணு எங்கடி? பெல்ட்டக் கழட்டிவிட்டது அவதான். பாவம், கை பூரா கொப்புளம்."

காரில் வேறு யாரும் இருக்கவில்லை.

எரிந்த காரை யாரும் வாங்கவில்லை. வான்தேதான் இழுத்துவந்து பட்டறையின் பின்பக்கம் நிறுத்தினான். பேட்டரி, ஒயர்கள் எல்லாவற்றையும் தானே கழற்றிப் போட்டான். உடைத்த இடத்தில் பழைய கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, கதவுகளையும் மூடினான்.

பேய் மாதம் முடிந்த பிறகு ஒரு நாள், டாக்ஸிக்காரர் ஒருவர் ஹெட்லைட் மங்குகிறது என்று வந்தார். ஒரு ஒயரை முறுக்கிவிட்டதும் வெளிச்சம் வந்தது. காரணத்தை வான்தே தேடவில்லை. அன்று அலுப்பாக இருந்தது.

"சரியாயிடுச்சு. எடுத்துட்டுப் போங்க."

பின்பக்கத்திலிருந்து டொக், டொக் என்று கண்ணாடி தட்டும் சத்தம் வந்தது.

டாக்ஸிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அந்தக் கார்ல ஒரு பொண்ணு உட்காந்துக்கிட்டு தட்டுதே, என்னன்னு கேக்கக் கூடாதா?"

வான்தே திரும்பவில்லை. காது மடல்வரை சூடேறியது.

"இறங்குங்க" என்றான். "முழுசாப் பாத்துடறேன்."

தட்டுவது நின்றது.