கண்ணாடிக்காரன் விட்ட கேள்வி

நூலகத்தில் லத்தீன் வேர்ச்சொல் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் மேல் ஒரே நேரத்தில் இரண்டு கைகள் விழுந்தன.

"நான்தான் முதல்ல எடுத்தேன்," என்றாள் அவள்.

"நான் முதல்ல பாத்தேன்."

"பாத்ததுக்கெல்லாம் பட்டா கேட்டா, ஊரே உங்களுதாயிடும்."

நிமிர்ந்தாள். மழையில் நனைந்த முடி... அடக்கியும் அடங்காமல் சிரிக்கும் கண்கள்... 'ஏய், புத்தகத்தைப் பாருடி' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். அவன் எதிர்த்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இருவருக்கும் குறி ஒன்றே: அகராதி அலுவலகத்தில் காலியாக இருந்த ஒரே வேலை. அதற்கான தேர்வில் லத்தீன் வேர்ச்சொல்லும் இலக்கிய இயக்கங்களும் கேட்பார்கள். "இந்தத் தடவையும் கிடைக்கலேன்னா படிச்சது போதும், என் கடைக் கல்லாவுல வந்து உக்காரு," என்று அவள் அண்ணன் கெடு வைத்திருந்தான்.

வேறு வழியின்றி ஒரே மேசையில் படித்தார்கள். பேச்சுவாக்கில் அண்ணன் வைத்த கெடுவையும் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"போர்ட்?" என்று வேர்ச்சொல் ஒன்றைக் கேட்டான் அவன்.

"சுமக்கிறது. போர்ட்டர் அதுலேர்ந்து வந்ததுதான்."

"ரியலிசம்?"

"உள்ளதை உள்ளபடி சொல்றது. ரொமாண்டிசிசம்னா மனசு பொங்கறபடி சொல்றது."

"நீங்க எந்தக் கட்சி, திருத்தம் மேடம்?"

"வேலை கிடைக்கிற வரைக்கும் ரியலிசம்." சொல்லும்போதே காது சூடாகிவிட்டது...

வாய்மொழித் தேர்வில் கடைசியாக மிஞ்சியது அவர்கள் இருவர்தான். சம மதிப்பெண். தேர்வாளர் அம்மா அவனிடம் கேட்டார்.

"ஸ்பெக்ட். பொருள் என்ன?"

"தெரியலைங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது. அவன் கடைப் பலகையில் உள்ள 'ஸ்பெக்டகிள்ஸ்' அதில் பிறந்த சொல்தான். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தானே...

"நீ சொல்லும்மா."

ஒரு சொல் சொன்னால் வேலை அவளுக்கு. அண்ணனின் கல்லா கண்முன் வந்து போனது. ஆனாலும் அவள் தேர்வாளர் அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"அவருக்குப் பதில் தெரியும்மா. எனக்காக விட்டுட்டார். வேற கேள்வி கேளுங்க."

"வர்ற வேலையை யாராவது தள்ளுவாங்களா?"

"வந்தா நான் ஜெயிச்சுதான் வரணும்மா." அவன் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை நடிச்சீங்க... உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

தேர்வாளர் அம்மா சிரிப்பை விழுங்கினார். "சரி, ஒரு மழை. மூணு இலக்கிய இயக்கத்துக்காரங்க அதை எப்படி எழுதுவாங்க?"

அவன் இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதில் நிஜமாகவே திணறினான். அவள் திணறவில்லை.

"ரொமாண்டிக்காரர், வானம் எனக்காக அழுவுதுன்னு எழுதுவார். ரியலிசக்காரர், கூரை எங்க ஒழுகுதுன்னு எழுதுவார். எல்லாத்தையும் குறியீட்டாலயே சொல்ற சிம்பாலிசக்காரர் மழைன்னே எழுத மாட்டார்... ஆளில்லாத நாற்காலி மேல ஈரக்குடை ஒண்ணை வச்சிட்டுப் போயிடுவார்."

"வேலை உனக்குத்தான்," என்றார் தேர்வாளர் அம்மா.

வெளியே படிக்கட்டில் அவன் காத்திருந்தான்.

"கோபமா?"

"என்னைக் கேக்காம எனக்கு தானம் பண்ணினா, கொஞ்சுவாங்களா?"

"எனக்குக் கடை இருக்கு. உங்களுக்கு அண்ணன் கல்லாதானேன்னு..."

"என் பாட்டை நான் பாத்துப்பேன்."

"தப்புதான்." தலை குனிந்தவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை. "இனிமே எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முக்கியமா... உங்களை."

அவள் குரல் தெளிவாகவே வந்தது.

"எங்கண்ணன்கிட்ட நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். எனக்கு இவரைப் பிடிச்சிருக்குன்னு நானே சொல்லிக்கறேன்."

முகம் சிவந்ததை அவன் பார்த்துவிடாமல் இருக்க, விறுவிறுவென்று படி இறங்கினாள்.