புது முகவரிக்கு வந்த தடை

சண்டை முடிந்த மறுவருடம். காலை ஒன்பது மணி. மருதமுனையில் கமீலாவின் நெட் கடையிலிருந்து நபீஸா அனுப்பிய மின்னஞ்சல் போன வேகத்திலேயே திரும்பி வந்தது. ‘அனுப்பியவர் தடைப்பட்டியலில் இருக்கிறார். ஏற்க முடியாது.’

மூன்றாவது தரமும் இதே கதைதான். கொழும்புக் கம்பனி கேட்ட படுக்கை விரிப்புகளுக்கு அவளுடைய சம்மதம் இன்று மாலைக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். தவறினால் ஓடர் வேறு ஆளுக்குப் போய்விடும். சுனாமியில் கடல் கொண்டுபோன தறிகளை அவள் திரும்பப் போட்டதே இதை நம்பித்தான்.

தம்பி ஸிராஜ் அந்தக் கம்பனியின் கணினிப் பகுதியில்தான் வேலை செய்தான். அவள் நெய்து படிக்க வைத்த பிள்ளை. போனில் ஆறுதல் சொன்னான்.

“ராத்தா, அந்தக் கடை லைன்தான் கூடாது. ஆரோ குப்பை மெயில் அனுப்பி, உலகத் தடைப்பட்டியல்ல விழுந்திரிக்கி. மெயில் பக்கம் நான் போறதே இல்ல, அது வேற ஆள்ட வேல.”

நபீஸா அதைச் சொன்னதும் கமீலாவுக்குச் சுருக்கென்றது. கடையின் பேரல்லவா கெடுகிறது! தன் முகவரியிலிருந்து அதே கம்பனிக்கு ஒரு வரி அனுப்பினாள். ‘கிடைத்தது’ என்று தானியங்கிப் பதில் உடனே வந்தது.

“லைன் கூடாதெண்டா இது எப்பிடிப் போச்சு? ராத்தா, உங்களுக்குப் புது அட்ரஸ் ஒண்டு திறப்பம்.”

புதியதிலிருந்து ஒரு ஸலாம் மட்டும் போனது. அதற்கும் ‘கிடைத்தது’ வந்தது. நபீஸா சந்தோஷம் தாங்காமல் வாசலுக்குப் போய், ஸிராஜை அழைத்துப் புது முகவரியைச் சொன்னாள். பிறகு உள்ளே வந்து விலை, அளவு, நிறம் எல்லாம் சரிபார்த்துச் சம்மதத்தை அனுப்பப் பத்தரை ஆகிவிட்டது.

அதுவும் திரும்பி வந்தது. அதே தடைப்பட்டியல்.

“இந்த அட்ரஸ் ஆருக்குத் தெரியும்?” கமீலா கேட்டாள்.

“உனக்கு. எனக்கு.”

“மறுகா வேற ஆருக்கு?”

“தம்பிக்கு. அவன் என்ன வேத்தாளா?”

“உலகப் பட்டியல் குப்பை அனுப்பின ஆளத்தான் பிடிக்கும். இந்த அட்ரஸ் அனுப்பினது ஒரேயொரு ஸலாம். அதுக்கா தடை? கம்பனிக்கெண்டு தனிப் பட்டியல் ஒண்டு இரிக்கி, ராத்தா. உள்ளுக்க இரிக்கிற ஒராள் கையால போடணும். போட்டது ஸிராஜ்தான்.”

“வாய மூடு!”

கடல் வந்த அன்று தறியை விட்டு ஓடி அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்தவள் நபீஸா. கமீலா குரலைத் தாழ்த்தினாள். “ஓடர் உங்களுக்கு இல்லாட்டி ஆருக்கு?”

நபீஸா நினைத்துப் பார்த்தாள். சாய்ந்தமருதில் ஸிராஜின் மச்சினன் புதிதாகத் தறி போட்டிருந்தான். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவளுடைய மாதிரித் துணிகளை ஸிராஜ்தான் வாங்கிப் போயிருந்தான்.

போன் அடித்தது. அவனேதான்.

“ராத்தா, புது அட்ரஸ்ல அனுப்பினதும் திரும்பி வந்திட்டெண்டு கவலப்படாதீங்க...”

நபீஸா அதைக் கடைக்கு வெளியே எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“மெயில் பக்கமே போகாத உனக்கு அது எப்பிடித் தெரியும்?”

இதற்குள் கமீலா தன் முகவரியிலிருந்து நபீஸாவின் பேரில் சம்மதத்தை அனுப்பிவிட்டாள். திரையில் ‘கிடைத்தது’ வந்து நின்றது.

“சம்மதம் போய்ச் சேந்திட்டு, தம்பி. உனக்குச் சொல்லாத அட்ரஸ்ல,” என்றாள் நபீஸா. “அண்டைக்குக் கடலுக்கு நான் உன்னக் குடுக்கல்லடா. நீ என்னையே உன்ட மச்சினனுக்குக் குடுத்திட்டாய்.”

போனை வைத்த பிறகுதான் அழுதாள்.