செத்த சுட்டிகள்

மூன்றாம் மாடியின் கடைசி அறைக்குள் அவள் நுழைந்தபோது நண்பகல். பழைய சர்வர் கணினி ஒன்று இழுப்பு நோய்க்காரரைப் போல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. சூடேறிய தூசியின் வாசனை. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் தலைசாய்ந்து இறந்துபோனதும் இதே மேசையில்தான்.

"அண்ணன் போட்ட முடிச்சு, தங்கச்சி கையாலதான் அவிழணும் போலிருக்கு," என்றார் மேலாளர். "அவர் எழுதின கணினி மொழியோட மூல நிரல்ல, 'விளக்கத்துக்கு இங்கே பார்க்க'ன்னு முந்நூறு சுட்டி. எல்லாம் இந்த சர்வரோட பழைய முகவரி. ஒவ்வொண்ணா திறந்து பார்த்துப் புதுசுக்கு மாத்தும்மா. நாலு மணிக்கு இந்தக் கிழத்தைப் பிடுங்கிடுவோம். செத்த சுட்டியை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

அவளுக்குச் சுருக்கென்றது. அண்ணன் அவளைக் கூப்பிட்டதும் 'சுட்டி' என்றுதான்.

முந்நூறை யார் திறந்து பார்ப்பது? ஒரே கட்டளையில் மொத்தத்தையும் மாற்றி, அந்த மொழியைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். மூன்றே முக்காலுக்குத்தான், சும்மா, ஒரு பழைய முகவரியைத் திறந்தாள்.

வெள்ளைப் பக்கம். ஒரே ஒரு வரி.

"சுட்டி, வந்துட்டியா?"

எவனோ விளையாடுகிறான். வரிக்குக் கீழே திருத்தம் எழுதும் பெட்டியில், "யாரு?" என்று தட்டினாள்.

"வாசலை எல்லாம் ஏண்டி அடைக்கிற?"

அது அண்ணன் பேச்சேதான்.

மேலாளரிடம் ஓடினாள். "சார், ஒரே ஒரு நாள் பொறுங்க சார். அண்ணன் உள்ள இருக்கான்."

"அழாதேம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "மேலிடத்து உத்தரவு. நீ மாத்தினதும் ஊர் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. இனி என் கையிலயும் இல்ல, உன் கையிலயும் இல்ல."

திரும்பி வந்தபோது மணி நாலு; மின்பணியாளர் குனிந்து வயரைப் பிடித்திருந்தார்.

திரையில் எழுத்து ஊர்ந்தது.

"நான் எங்கடி போவேன்?"

"அண்ணே, வயரைப் பிடுங்காதீங்கண்ணே..."

சர்வரின் மூச்சு நின்றது.

அறையே காது அடைத்தாற்போல் ஆயிற்று.

கால் மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. எங்கோ தூரத்து அலுவலகத்திலிருந்து ஒரு நிரலாளர்.

"மேடம், உங்க புது விளக்கப் பக்கத்துல விளக்கத்தையே காணோம். எந்தச் சுட்டியைத் தட்டினாலும் ஒரே வரிதான் வருது. 'இது யாரு வீடு?'ன்னு கேக்குது. இதுக்கெல்லாம் பதில் போடலாமா?"

"ஒண்ணும் போடாதீங்க!"

"ஐயோ, ஏற்கெனவே என் பேரைப் போட்டுட்டேனே, மேடம்."

அவர் குரலுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"உங்ககூட... யாரு இருக்காங்க?"

"யாருமில்லையே. நான் மட்டும்தான்."